வீட்டு ஈயும் மலையகமும்: பூச்சிநாசினி எதிர்ப்பின் வரலாற்றிற் பிறப்புரிமையியல் தரும் பாடம்

1. தோற்றுவாய்

ஈழத்து மலையகத்தின் வரலாற்றை எழுத முற்பட்டோர் பெரும்பாலும் மூவகைச் சான்றுகளைக் கைக்கொண்டுள்ளனர். ஆட்சியாளரின் சட்டங்களும் அறிக்கைகளும் ஒருவகை. தோட்டத்துரைமார் விட்டுச் சென்ற குறிப்புகள் மற்றொரு வகை. தொழிலாளரின் வாய்மொழிப் பாடல்களும் நினைவுகளும் மூன்றாவது வகை. இம்மூன்றிலும் இடையிடையே தலைகாட்டினும் எதிலும் முதன்மை பெறாத ஓர் உயிரினத்தை இக்கட்டுரை ஆய்வுப்பொருளாகக் கொள்கின்றது. அது வீட்டு ஈயாகும்.

நுவரெலியாவுக்குக் கிழக்கே, இறாகலைக்கு அப்பால் அமைந்துள்ள உடப்புசல்லாவைப் பகுதியில் தேயிலை மலைகளும் மரக்கறித் தோட்டங்களும் அடுத்தடுத்துக் காணப்படுகின்றன. லயன்களின் பின்புறத்து மாட்டுத்தொழுவம், மரக்கறிப் பாத்திகளுக்கென இறக்கி வைக்கப்படும் கோழி எரு, கழிவுநீர் தேங்கி நிற்கும் கான் ஆகிய மூன்றும் ஈக்கள் பெருகுதற்கு ஏற்ற இடங்களாகும். மருந்தடித்தால் ஈ சாகின்றது. சில நாட்களில் மீண்டும் வருகின்றது. சில பருவங்கள் கழிந்தபின் அதே மருந்துக்கு முன்போலச் சாவதில்லை. இத்தகைய நிலையில் மருந்தில் முன்னைய சத்து இல்லை என்று கூறுவது மக்கள் வழக்கம். மருந்தின் சத்துக் குறைவதும் சிற்சில வேளைகளில் உண்மையாதல் கூடும். ஆயினும் பெரும்பாலான இடங்களில் மாறியது மருந்தன்று; ஈயின் குலமே மாறியது.

அம்மாற்றம் எவ்வாறு நிகழ்கின்றது என்பதை உலகம் முதன்முதலிற் கற்றுக்கொண்டது பெரிதும் வீட்டு ஈயைக் கொண்டேயாம். அவ்வறிவின் வரலாற்றைச் சுருக்கமாக எடுத்துரைத்து, இலங்கையின் நுளம்பு ஒழிப்பு அநுபவத்தோடும் மலையகத்தின் தேயிலை அநுபவத்தோடும் அதனைப் பொருத்திப் பார்ப்பதும், துப்புரவுக்கு மாற்றாக நாசினியைக் கொள்ளும் கொள்கை ஏன் தன்னைத்தானே தோற்கடித்துக்கொள்கின்றது என்பதைக் காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. நாசினிக்கு முற்பட்ட காலம்

தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் தொடக்ககாலத்தில் மன்னாரில் இறங்கி, வரண்ட வலயத்தின் காடுகளூடாக மாத்தளை வரை நடந்தே சென்றனர். வாந்திபேதியும் காய்ச்சலும் வழிநெடுக அவர்களைக் கொண்டுசென்றன. தோட்டத்தை அடைந்தோருக்குக் கிடைத்தது, பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவினதான அறைகள் வரிசையாக அமைந்த லயன். அங்குச் சமையலும் உறக்கமும் ஒரே கூரையின் கீழ் நிகழ்ந்தன. மலசலகூட வசதி நெடுங்காலம் இல்லாமலேயே இருந்தது. வயிற்றோட்டமும் வயிற்றுளைவும் இத்தகைய சூழலின் நோய்கள். அவற்றைப் பரப்புவனவற்றுள் ஈயும் ஒன்று. மலத்திலும் எருவிலும் முட்டையிட்டு, அங்குக் குடம்பியாய் வளர்ந்து, சிறகு முளைத்தபின் சோற்றுப் பானையில் வந்து அமரும் அதன் வாழ்க்கை முறையே அதற்குக் காரணமாகும்.

1912ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளையும் நோய்த்தடுப்பையும் குறித்த சட்டங்கள் இலங்கையில் இயற்றப்பட்டன. 1916ஆம் ஆண்டில் அமெரிக்க றொக்பெல்லர் மன்றத்தின் சுகாதாரப் பிரிவு, கொழுக்கிப்புழு ஒழிப்பு வேலையை மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் ஆரம்பித்தது. மருந்து கொடுத்ததும் புழு வெளியேறியது. ஆயினும் மலசலகூடம் இல்லாத தோட்டங்களில் மண் வழியாக நோய் மீண்டும் தொற்றியது. ஆதலின் மலசலகூடம் கட்டுதல் மருந்தளிப்பின் இன்றியமையாத துணையென வலியுறுத்தப்பட்டது. மருந்தளிப்பது எளிது, கட்டடம் எழுப்புவது செலவு என்ற முரண்பாடு மலையகச் சுகாதார வரலாற்றில் அப்போதே வேரூன்றிவிட்டமையை இங்கு நாம் காண்கின்றோம்.

ஈயைப் பொறுத்தவரை அக்காலத்து அறிஞர் கருத்து ஒருமுகப்பட்டதாயிருந்தது. அமெரிக்கப் பூச்சியியலாளர் எல். ஓ. ஹவார்ட் 1911ஆம் ஆண்டு வெளியிட்ட நூல், வீட்டு ஈயை நோய் காவும் உயிரினமாகவே பொதுமக்களுக்கு அறிமுகஞ் செய்தது. எருவை அகற்றுக, மலத்தை மூடுக, உணவை மூடுக என்பதே அக்காலத்துப் போதனை. வேறு வழி இல்லாமையால் எழுந்த போதனையாயினும், பின்வந்த நாசினி யுகத்தின் தோல்விகளை நோக்குமிடத்து அதன் பெறுமதி நன்கு புலனாகும்.

3. டி.டி.ரி.யும் முதலாவது எச்சரிக்கையும்

டி.டி.ரி. என்ற சேர்வையை ஒத்மார் சைட்லர் என்பார் 1874இலேயே தயாரித்திருந்தார். அதன் கொல்லுந் திறனைச் சுவிற்சலாந்தின் பாசல் நகரில் கைகி நிறுவனத்தில் பணியாற்றிய போல் முல்லர் 1939இற் கண்டறிந்தார். இரண்டாம் உலகப் போரின்போது நேப்பிள்ஸ் நகரில் பேன் வழியாகப் பரவிய தைபசுக் காய்ச்சலை அடக்க உதவியமையால் அதன் புகழ் உலகெங்கும் பரவியது. 1948ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபெல் பரிசு முல்லருக்கு வழங்கப்பட்டது.

அப்பரிசு வழங்கப்படுமுன்னரே எச்சரிக்கை எழுந்துவிட்டது. 1946இற் சுவீடனின் வடபகுதியில் டி.டி.ரி.க்குச் சாகாத ஈக்கள் காணப்பட்டன. வீஸ்மான் என்பார் அவற்றை ஆராய்ந்து 1947இல் வெளியிட்டார். அதே காலப்பகுதியில் இத்தாலியிலும் அத்தகைய ஈக்கள் அறியப்பட்டன. நாசினி பரந்த பயன்பாட்டுக்கு வந்து ஓரிரு ஆண்டுகளே கழிந்திருந்தன என்பது மனங்கொள்ளத்தக்கது.

இது முற்றிலும் எதிர்பாராத செய்தியன்று. அமெரிக்காவின் வாசிங்டன் மாநிலத்துப் பழத்தோட்டங்களில், சுண்ணாம்புக் கந்தகக் கரைசலுக்கு அழியாத செதிற்பூச்சிகளைக் கண்ட மெலாண்டர், பூச்சிகள் தெளிமருந்துகளுக்கு எதிர்ப்புப் பெறுதல் கூடுமா என்ற வினாவை 1914இலேயே எழுப்பியிருந்தார். அவ்வினாவுக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேலாக உரிய கவனம் கிடைக்கவில்லை. வீட்டு ஈ அதனை யாரும் புறக்கணிக்க இயலாதவாறு உலகின் முன் நிறுத்தியது.

4. பிறப்புரிமையியலாளர் கண்டவை

வீட்டு ஈ ஆய்வுக்கு வாய்ப்பான உயிரினம். ஒரு பெண் ஈ ஒரு தடவையில் ஏறத்தாழ நூறு முட்டைகளுக்கு மேல் இடும். வெப்பமான சூழலில் ஒரு தலைமுறை இரு வாரங்களுக்குள் முற்றுப்பெறும். அதன் கலங்களில் ஆறு சோடி நிறமூர்த்தங்கள் உள்ளன. அவற்றுள் ஒரு சோடி இலிங்க நிறமூர்த்தங்கள். எஞ்சிய ஐந்தும் சாதாரண நிறமூர்த்தங்கள். ஆண் ஈயிற் பொதுவாக நிறமூர்த்தங்களுக்கிடையே குறுக்குப்பரிமாற்றம் நிகழ்வதில்லை என்பது ஆராய்ச்சியாளருக்குக் கிடைத்த மற்றொரு வாய்ப்பு. அதனால் ஒரு நிறமூர்த்தம் முழுமையாகவே தந்தையிடமிருந்து மகவுக்குச் செல்கின்றது.

இவ்வியல்பைப் பயன்படுத்தி அவர்கள் வகுத்த முறை எளிமையும் நுட்பமும் வாய்ந்தது. ஐந்து நிறமூர்த்தங்களிலும் கண்நிறம், உடல்நிறம், சிறகமைப்பு முதலான கண்ணாற் காணத்தக்க விகாரங்களைக் கொண்ட ஈக்குலம் ஒன்றை வளர்த்தனர். அதனை எதிர்ப்புள்ள குலத்தோடு கலந்து, பிறந்த ஆண் ஈக்களை மீண்டும் விகாரக் குலத்துப் பெண் ஈக்களோடு கலந்தனர். பேரப்பிள்ளைகளாகப் பிறந்த ஈக்கள் தோற்றத்தால் 32 வகையாகப் பிரிந்தன. ஒவ்வொரு வகையையும் நாசினிக்கு உட்படுத்தி, எவை பிழைக்கின்றன என நோக்கின், எதிர்ப்பு எந்த நிறமூர்த்தத்தில் இருக்கின்றது என்பது தெளிவாயிற்று.

இதன் பயனாகப் பெறப்பட்ட முதலாவது உண்மை, எதிர்ப்பு என்பது ஒரே பண்பன்று என்பதாகும். இரண்டாம் நிறமூர்த்தத்தின் பரம்பரையலகு ஒன்று, டி.டி.ரி.யிலிருந்து ஐதரசன் குளோரைட்டை நீக்கி அதனைத் தீங்கு குறைந்த சேர்வையாக மாற்றும் நொதியத்தை ஆளுகின்றது. ஒட்சியேற்றத்தின் மூலம் நாசினியைச் சிதைக்கும் நொதியங்களுக்குரிய காரணிகள் இரண்டாம், ஐந்தாம் நிறமூர்த்தங்களில் அமைந்துள்ளன. டீல்டிரினுக்கான எதிர்ப்பு நான்காம் நிறமூர்த்தத்தைச் சார்ந்தது. மூன்றாம் நிறமூர்த்தத்தில் இரு வேறு காரணிகள் காணப்பட்டன. அவற்றுள் ஒன்று நாசினி தோலூடாக உட்புகும் வேகத்தைக் குறைப்பது. தனித்து நிற்கும்போது இதன் பயன் சிறிது. ஆயினும் நாசினியைச் சிதைக்கும் காரணியோடு இது சேர்ந்தவிடத்து எதிர்ப்புப் பன்மடங்காகின்றது. நாசினி மெல்ல மெல்ல உட்புகுவதால் அதனைச் சிதைக்க நொதியத்துக்கு அவகாசம் கிடைக்கின்றமையே காரணம்.

மூன்றாம் நிறமூர்த்தத்தின் மற்றைய காரணியே வரலாற்றிற் பெரும்பங்கு வகித்தது. டி.டி.ரி. பட்ட ஈ சிறிது நேரத்தில் நடுங்கி, மல்லாந்து விழும். சில குலத்து ஈக்கள் அவ்வாறு விழுவதேயில்லை. இலண்டனைச் சேர்ந்த பஸ்வைன் 1951இல் இவ்வேறுபாட்டை எடுத்துக்காட்டினார். இத்தாலிய அறிஞர் மிலானி இக்காரணிக்கு, வீழ்த்தலை எதிர்ப்பது என்ற பொருளில் 'கே.டி.ஆர்.' எனப் பெயரிட்டார். இது பின்னிடைவான பண்பு. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்ற ஈயிலேயே முழுமையாக வெளிப்படும். நொதியம் எதனாலும் நாசினி சிதைக்கப்படாமலே ஈ பிழைக்கின்றது எனின், நாசினி தாக்கும் இடமே மாறியிருத்தல் வேண்டும் என ஊகிக்கப்பட்டது. அவ்வூகம் 1996இல் உறுதிப்பட்டது. நரம்புக் கலத்தின் மென்சவ்விலுள்ள சோடியம் கால்வாய் என்னும் புரதத்தின் 1014ஆம் இடத்தில் லியூசின் என்ற அமினோவமிலத்துக்குப் பதிலாகப் பெனைல்அலனின் அமைந்திருந்தது. அமினோவமிலம் ஒன்று மாறியமையால், கால்வாயைத் திறந்தபடியே வைத்திருக்கும் டி.டி.ரி.யின் வலிமை குன்றியது. 918ஆம் இடத்தில் மேலுமொரு மாற்றத்தைப் பெற்ற குலங்களில் எதிர்ப்பு இன்னும் மிகுந்திருந்தது.

இங்குக் கவனிக்கவேண்டிய தொடர்பொன்று உண்டு. இங்கிலாந்தின் றொதம்ஸ்ரெட் ஆராய்ச்சி நிலையத்தில் மைக்கல் எலியட் குழுவினர் 1973இல் பேர்மெத்திரின் என்ற புதிய நாசினியை உலகுக்கு அறிவித்தனர். அது பைரெத்திரோயிட்டு என்னும் இனத்தைச் சேர்ந்தது, டி.டி.ரி.யினின்றும் முற்றிலும் வேறான அமைப்புடையது. ஆயினும் அதுவும் தாக்குவது அதே சோடியம் கால்வாயையே. ஆதலின் தந்தையர் காலத்து டி.டி.ரி.யால் தெரிந்தெடுக்கப்பட்ட ஈக்கள், மைந்தர் காலத்துப் பைரெத்திரோயிட்டை எதிர்க்கும் ஆயுதத்தை முன்கூட்டியே பெற்றிருந்தன. ஒரு நாசினி கைவிடப்பட்டபின்னும் அதன் வரலாறு ஈயின் பரம்பரையலகில் எழுதப்பட்டு நிற்கின்றது எனலாம்.

5. எதிர்ப்பு முந்தியதா, நாசினி முந்தியதா?

நாசினி சிறுகச் சிறுகப் பட்டுப் பழகியதால் ஈ எதிர்ப்பைப் பெற்றதென்பது பொதுவழக்கான எண்ணம். கள்ளுண்பான் பழகுவதுபோல ஈயும் பழகுகின்றதென்பர். இவ்வெண்ணம் பிழையென்பதைச் சோதனைகள் காட்டியுள்ளன. பெனற் என்ற ஆராய்ச்சியாளர் 1960இல் வெளியிட்ட ஆய்வு பழ ஈயைக் கொண்டு செய்யப்பட்டது. ஒவ்வொரு குடும்பத்தையும் இரு பங்காக்கி, ஒரு பங்கை மாத்திரம் டி.டி.ரி.க்கு உட்படுத்தினர். எக்குடும்பத்தின் அப்பங்கிற் பெரும்பாலானவை பிழைத்தனவோ, அக்குடும்பத்தின் மறுபங்கை, அதாவது நாசினியைத் தொட்டேயறியாத உடன்பிறப்புகளை, அடுத்த தலைமுறைக்குப் பெற்றோராக்கினர். தலைமுறைகள் பல சென்றபின், முன்னோருள் எவரும் நாசினி பட்டிராத அக்குலம் உயர்ந்த எதிர்ப்பைக் காட்டியது. எனவே நாசினி எதிர்ப்பைக் கற்பிக்கவில்லை. ஏலவே இருந்ததைப் பிரித்தறிய உதவியது.

2006இல் வெளிவந்த மற்றொரு சான்று வரலாற்றாசிரியருக்கு மிகவும் உவப்பானது. அவுஸ்திரேலியாவின் ஆட்டு மந்தைகளைத் துன்புறுத்தும் ஒருவகை ஈயின் பழைய மாதிரிகள் அந்நாட்டின் சேகரிப்புகளில் ஊசி குத்திப் பாதுகாக்கப்பட்டிருந்தன. மலத்தியோன் என்ற நாசினி புழக்கத்துக்கு வருமுன்னர் பிடிக்கப்பட்ட அவ்வீக்களின் பரம்பரையலகுகளை ஆராய்ந்தபோது, மலத்தியோனை எதிர்க்கும் எதிருரு அவற்றுட் சிலவற்றில் இருத்தல் கண்டறியப்பட்டது. மற்றொரு நாசினியான டயசினோனை எதிர்க்கும் எதிருருவோ அப்பழைய மாதிரிகளில் அகப்படவில்லை. ஆகவே சில எதிருருக்கள் நாசினிக்கு முன்னரே சிறு தொகையில் இருந்தன. வேறு சில விகாரத்தால் மிக அரிதாக, ஒருவேளை பின்னரே, தோன்றின. இரு வகையிலும் நாசினியின் பணி தெரிந்தெடுத்தலேயாம்.

6. இலங்கையின் அநுபவம்

இலங்கையில் இவ்வுண்மை ஈயைவிட நுளம்பு வாயிலாகவே ஆழமாக ஆராயப்பட்டுள்ளது. 1934-35ஆம் ஆண்டுகளின் மலேரியாப் பெருநோய் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டது. மழை பொய்த்து ஆறுகள் வற்ற, ஆற்றுக் குட்டைகளில் நுளம்பு பெருகியதே அதன் உடனடிக் காரணம். கேகாலை, குருணாகல் பகுதிகள் பேரழிவைக் கண்டன. உடப்புசல்லாவை போன்ற உயர் மலைகளில் குளிர் காரணமாக நோய்க்கிருமி நுளம்பினுள் முதிர்ச்சியடைதல் அரிதாகையால், அவை பெரிதும் தப்பின.

1945ஆம் ஆண்டின் இறுதியில் ஆரம்பித்து, 1946-47இல் நாடளாவிய முறையில் வீட்டுச் சுவர்களுக்கு டி.டி.ரி. தெளிக்கப்பட்டது. ஆயிரத்துக்கு ஏறத்தாழ 20 ஆகவிருந்த இறப்பு வீதம் 1947இல் ஏறத்தாழ 14 ஆகக் குறைந்தது. உணவும் மருத்துவமும் இதிற் பெற்ற பங்கு குறித்து அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் டி.டி.ரி.யின் பங்கு பெரிதென்பதை மறுத்தல் இயலாது. 1963இல் நாடு முழுவதிலும் பதிவான மலேரியா நோயாளர் 17 பேரே. வெற்றி கிட்டிற்று எனக் கருதித் தெளிப்பு நிறுத்தப்பட்டது, கண்காணிப்பும் தளர்ந்தது. 1967இன் பின் நோய் மீண்டும் எழுந்து, 1969இல் 537,705 நோயாளர் பதிவாயினர்.

இம்மீளெழுச்சிக்கு எதிர்ப்பொன்றே காரணமெனக் கூறுதல் பொருந்தாது. தெளிப்பு நின்றமையும் கண்காணிப்புத் தளர்ந்தமையும் முதற் காரணங்கள். ஆனால் மீண்டும் டி.டி.ரி.யைக் கையிலெடுத்தபோது, அது பழைய ஆயுதமாயிருக்கவில்லை. மலேரியாவைப் பரப்பும் பிரதான நுளம்பில் டி.டி.ரி. எதிர்ப்பு 1969இல் அறியப்பட்டது. 1975 முதல் மலத்தியோன் படிப்படியாக அதன் இடத்தைப் பெற்றது. மலத்தியோனை விவசாயத்துக்கு விடாது சுகாதாரத் துறைக்கென ஒதுக்கி வைத்தமை தூரநோக்குடைய முடிவாகும். ஒரு பொருள் வயலிலும் வீட்டிலும் ஒருங்கே தெளிக்கப்படுமாயின் நுளம்பின்மீது தெரிந்தெடுப்பின் அழுத்தம் இரட்டிப்பாகும் என்ற பிறப்புரிமையியல் உண்மையை அம்முடிவு ஏற்றுக்கொண்டது.

அவ்வாறாயினும் எதிர்ப்பு வந்தது. ஹேரத், ஹெமிங்வே முதலானோர் 1987இல் வெளியிட்ட ஆய்வு, மலத்தியோனை மாத்திரம் சிதைக்கும் காபொட்சிலெசுத்தரேசு என்ற நொதியம் அதற்குக் காரணமெனக் காட்டியது. இதற்கு மாறாக, நெல்வயல்களில் வளரும் வேறொரு நுளம்பினத்தில் நாசினிகள் தாக்கும் நரம்பு நொதியமே மாறியிருந்தது. அதற்குக் காரணமாயமைந்தவை விவசாய நாசினிகள். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கருணாரத்ன, ஹெமிங்வேயுடன் இணைந்து 2001இல் வெளியிட்ட ஆய்வு இவ்வேறுபாடுகளைத் தொகுத்துரைக்கின்றது.

நமது பொருளுக்கு மிகவும் நெருங்கியது கொழும்பை அடுத்த பேலியகொடையிற் பிடிக்கப்பட்ட நுளம்புக் குலமாகும். யானைக்கால் நோயைப் பரப்பும் இந்நுளம்பு மலக்குழிகளிலும் அழுக்குநீர்க் கான்களிலும் பெருகுவது. இக்குலத்தில் எசுத்தரேசு நொதியத்துக்குரிய பரம்பரையலகுகள் பல பிரதிகளாகப் பெருகியிருந்தன. நொதியம் மிகையாகச் சுரந்து, நாசினியைப் பற்றிப் பிடித்துச் செயலற்றதாக்கியது. இத்தகைய பிரதிப் பெருக்கம் உலகின் பல பாகங்களில் ஒரே வடிவிற் காணப்படுதலின், அது ஓரிடத்தில் ஒருமுறை தோன்றி, கப்பலிலும் விமானத்திலும் நுளம்போடு பயணஞ் செய்திருத்தல் வேண்டுமென 1991இல் முடிவுசெய்யப்பட்டது. எதிர்ப்புள்ள பரம்பரையலகுக்கு நாட்டெல்லை இல்லை; கோழி எரு ஏற்றிவரும் லொறிக்கும் இக்கூற்றுப் பொருந்தும்.

1990களில் மலத்தியோனின் இடத்துக்குப் பைரெத்திரோயிட்டுக்கள் வந்தன. பின்னர் இரசாயனம் ஒன்றையே நம்பியிராது, நாசினிகளை இடத்துக்கிடம் மாற்றுதல், நோயாளரை விரைந்து கண்டறிதல், நுளம்புவலை வழங்குதல் என்பன ஒருங்கிணைக்கப்பட்டன. 2012 ஒக்டோபரின் பின் உள்ளூர்த் தொற்று அற்றுப்போக, 2016 செப்ரெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. 1963இல் நாசினியின் வெற்றி நிலைக்கவில்லை. பிற்காலத்து வெற்றி பல வழிகளையும் ஒருங்கே கைக்கொண்டமையாற் கிடைத்தது.

7. தேயிலை மலைகளில்

மலையகம் இவ்வரலாற்றில் வெறும் பார்வையாளராக இருந்ததில்லை. தேயிலை இலைகளைச் சுருட்டி உண்ணும் ஒருவகை அந்துப்புழு ஒருகாலத்திற் பெருந்தொல்லையாயிருந்தது. 1935-36இல் யாவாவிலிருந்து சிறு குளவியொன்று கொண்டுவரப்பட்டு மலைகளில் விடப்பட்டது. அது புழுவினுள் முட்டையிட்டு வளர்ந்து, புழுவின் தொகையைக் கட்டுப்படுத்தியது. 1950களில், கிளைகளைத் துளைக்கும் சிறுவண்டை அழிப்பதற்கென நடுத்தர உயரத் தோட்டங்களில் டீல்டிரின் தெளிக்கப்பட்டது. வண்டு குறைந்தது, ஆனால் குளவியும் மாண்டது. அடங்கியிருந்த இலைச்சுருட்டிப் புழு மீண்டும் பெருகியது. தலவாக்கலை சென். கூம்ஸ் தோட்டத்திலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் அறிஞர் இத்தொடர்பை ஆராய்ந்து தெளிவுபடுத்தினர்.

இது பரம்பரையலகு சார்ந்த எதிர்ப்பன்று. இயற்கைப் பகைவனை இழந்தமையின் விளைவு. இரண்டையும் ஒன்றெனக் கொள்ளுதல் பிழையாகும். எனினும் இரண்டுக்கும் பொதுவான ஓர் அடிப்படை உண்டு. நாசினி ஓர் உயிரினத்தை மாத்திரம் தனித்துத் தாக்குவதில்லை. அவ்வுயிரினம் வாழும் குடித்தொகை முழுவதையும் சூழலையும் அது மாற்றுகின்றது. மாற்றப்பட்ட சூழலில் எது எஞ்சுகின்றதோ அதுவே பின்பு பெருகுகின்றது. எருக்குவியலிலும் ஈயின் முட்டையையும் குடம்பியையும் உண்ணும் வண்டுகளும் சிற்றுண்ணிகளும், கூட்டுப்புழுவைத் துளைக்கும் குளவிகளும் வாழ்கின்றன. கண்மூடித்தனமாக எருவின்மீது மருந்தடிப்பவர் முதலில் இழப்பது இத்துணைவரையே. ஈயோ வெளியிலிருந்து விரைந்து மீளும்.

8. எருக்குவியலும் எண்கணிதமும்

துப்புரவு ஈயைக் குறைக்கும் என்பது எல்லாரும் அறிந்ததே. எதிர்ப்புத் தோன்றும் வாய்ப்பையும் அது குறைக்கின்றது என்பது அவ்வளவாக உணரப்படவில்லை. ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம்.

ஒரு குடித்தொகையில், பின்னிடைவான எதிர்ப்பு எதிருரு நூற்றுக்கு ஒன்றாக இருப்பதாகக் கொள்வோம். இருவரிடமிருந்தும் அதனைப் பெற்ற ஈ, பத்தாயிரத்துக்கு ஒன்றாக இருக்கும். மாதக்கணக்கில் அகற்றப்படாத பெரிய எருக்குவியல் ஒன்றிலிருந்து ஓர் இலட்சம் ஈக்கள் எழுகின்றன எனின், அவற்றுள் ஏறத்தாழப் பத்து முழு எதிர்ப்புடையன. மருந்தடித்தபின் எஞ்சும் அப்பத்துமே அடுத்த தலைமுறையின் பெற்றோர். அவை தம்முட் கலந்து பெறும் பிள்ளைகள் யாவும் எதிர்ப்புடையனவாகும். எருவை வாரந்தோறும் அகற்றும் இடத்தில் ஐந்நூறு ஈக்களே எழுமாயின், அவற்றுள் எதிர்ப்புடைய ஈ ஒன்றுகூட இல்லாமலிருப்பதற்கான வாய்ப்பே மிகுதி. அங்கு அதே மருந்து, அதே அளவில், நெடுங்காலம் பயன்தரும்.

இக்கணக்கு எளிமையாக்கப்பட்டதே. வெளியிலிருந்து வரும் ஈக்கள் எதிருருவின் விகிதத்தைக் கூட்டவும் குறைக்கவுஞ் செய்யும். சில காரணிகள் பின்னிடைவானவையல்ல. ஒருவரிடமிருந்து பெற்றாலே போதுமானவை. குளிர்ந்த மலைகளில் ஈயின் வளர்ச்சி தாமதமாகையால், ஆண்டொன்றில் தலைமுறைகள் குறைந்து, தெரிந்தெடுப்பும் தாழ்நாட்டைவிட மெதுவாக நிகழும். எனினும் அடிப்படை மாறுவதில்லை. எருக்குவியலே அரிய எதிருருக்களின் களஞ்சியம். அக்களஞ்சியத்தைத் திறந்து வைத்துவிட்டு அதன்மேல் மருந்தடிப்பது, எதிர்ப்பை வேண்டுமென்றே வளர்க்கும் பரிசோதனைக்கு ஒப்பாகும். ஆய்வுகூடத்தில் எதிர்ப்புக் குலத்தை உருவாக்க விழையும் ஆராய்ச்சியாளர் செய்வதும் இதனையே: பெருந்தொகையில் ஈயை வளர்த்து, பெரும்பாலானவற்றைக் கொன்று, எஞ்சியவற்றை மீண்டும் பெருகவிடுகின்றனர்.

9. முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து பெறப்படும் முடிவு நாசினி வேண்டாமென்பதன்று. 1947இல் பிழைத்த குழந்தைகளை நினையாது டி.டி.ரி.யைப் பழிப்பது நேர்மையாகாது. நாசினி ஒரு சேமநிதி போன்றது. ஒவ்வொரு தெளிப்பிலும் அதன் ஒரு பகுதி செலவாகின்றது. நெருக்கடி வேளைக்கென அதனைக் காத்துவைத்தல் அறிவுடைமை; அன்றாடக் குப்பைக்கு அதனைச் செலவிடுதல் அறியாமை.

மலையகத்தில் இவ்வறியாமையின் பழியைத் தொழிலாளர்மீது சுமத்துவது எளிது. அது நெடுங்காலமாக நிகழ்ந்தும் வந்துள்ளது. ஆனால் எருக்குவியலும் திறந்த கானும் எவருடைய தெரிவுகள் என்ற வினாவை வரலாறு எழுப்புகின்றது. தோட்டங்கள் 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் அரசின் உடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் தனியார் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. உரிமையாளர் மாறினர், லயன்கள் பெரும்பாலும் மாறவில்லை. தனக்கெனக் காணித்துண்டு இல்லாத குடும்பம் எருக்குழியை எங்கே வெட்டும்? மலசலகூடத்தைப் பலர் பகிரவேண்டிய இடத்தில் துப்புரவை யார் பேணுவர்? இவ்வினாக்களுக்கு விடை காணாத நிருவாகத்துக்கு நாசினிப் போத்தல் மலிவான மறுமொழியாக அமைந்தது. அம்மறுமொழியின் ஆயுளைப் பரம்பரையலகு குறுக்கிவிட்டது.

1916இற் கொழுக்கிப்புழு கற்பித்ததும், 1946இற் சுவீடனின் ஈ கற்பித்ததும், 1969இல் இலங்கையின் நுளம்பு கற்பித்ததும் ஒரே பாடமேயாம். வீட்டு ஈயின் முழுப் பரம்பரையலகுத் தொகுதியும் வாசிக்கப்பட்டு 2014இல் வெளியிடப்பட்டுள்ளது. நஞ்சை எதிர்க்கும் வழிகள் எத்தனையை அது தன்னகத்தே கொண்டுள்ளதென்பதை அறிஞர் எண்ணி வருகின்றனர். நஞ்சை எதிர்க்கும் பரம்பரையலகு ஈயிடம் உண்டு. குடம்பி வளர எருவே இல்லாத நிலையை எதிர்க்கும் பரம்பரையலகு இன்றுவரை எந்த ஈயிடமும் காணப்படவில்லை. உடப்புசல்லாவையின் லயனொன்றுக்கு மூடிய எருக்குழியும் ஓடும் கானும் வீட்டுக்கொரு மலசலகூடமும் கிடைக்கும் நாளில், அங்கு ஈக்கு எதிரான போரின் பெரும்பகுதி மருந்தின்றியே முடிந்திருக்கும்.